ரேசரை மாற்றுகிறீர்களா? கையையும் சேர்த்து மாற்றுங்கள்

பதினைந்து வருடம் நான் கார்ட்ரிட்ஜ் ரேசரில்தான் (பல பிளேடு பதித்த தலையை அப்படியே கழற்றி மாற்றும் வகை) ஷேவ் செய்தேன். கழுத்தின் இடது பக்கம், சட்டைக் காலருக்குச் சற்று மேலே, சிவப்புச் சிவப்பாகச் சின்னப் பொரிகள் எப்போதும் இருக்கும். என் தோல்வாகு அப்படி என்றே நினைத்திருந்தேன். கிரீமை மாற்றிப் பார்த்தேன், லோஷனை மாற்றிப் பார்த்தேன், மூன்று பிளேடிலிருந்து ஐந்து பிளேடுக்கும் போய்ப் பார்த்தேன். பொரி அசையவில்லை. பிறகு ஒற்றை பிளேடு மாட்டும் உலோக ரேசரான சேஃப்டி ரேசருக்கு மாறினேன். அதற்கு ஒன்றரை வருடம் கழித்து எலெக்ட்ரிக் ஷேவர். அதன்பின் நெடுநாள் ஆசைக்காக மடக்குச் சவரக்கத்தி. இப்போது பெரும்பாலான நாட்களில் சேஃப்டி ரேசர், அவசரமான நாளில் எலெக்ட்ரிக், பயணத்தில் கார்ட்ரிட்ஜ் என்று ஓடுகிறது.

இத்தனை முறை மாறியதில் ஒவ்வொரு முறையும் எனக்கு ரத்தமோ எரிச்சலோ வந்தது ஒரே காரணத்தால்தான். புது ரேசரைப் பழைய கையால் பிடித்தேன். கார்ட்ரிட்ஜுக்குப் பழகிய அழுத்தத்தைச் சேஃப்டி ரேசரில் போட்டேன். சேஃப்டி ரேசருக்குப் பழகிய நுரையையும் ஈரத்தையும் எலெக்ட்ரிக்குக்கும் வைத்தேன். கருவி மாறினால் அழுத்தம், கோணம், வேகம், முகத்தின் ஈரம் என்று எல்லாமே மாற வேண்டும். இதை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால் பல நாள் எரிச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் வேலை: உங்கள் முகத்தின் முடிப்போக்கைக் கண்டுபிடியுங்கள்

எந்த ரேசருக்கு மாறினாலும் சரி, வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விடுங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, விரல் நுனியால் கன்னத்தை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். அப்புறம் கீழிருந்து மேலாக, பிறகு காதுப் பக்கமிருந்து மூக்குப் பக்கமாக, அப்புறம் திருப்பி. எந்தத் திசையில் தடவும்போது விரல் வழுக்கிக்கொண்டு போகிறதோ, முடி அந்தத் திசையில் வளர்கிறது. எந்தத் திசையில் சொரசொரவென்று தடுக்கிறதோ அது எதிர்த்திசை.

கன்னத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் முடி கீழ்நோக்கித்தான் வளரும். கழுத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. சிலருக்கு மேல்நோக்கி வளரும், சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்கு ஓரிடத்தில் சுழி போலச் சுற்றிக்கொண்டு வளரும். ஒரு தாளில் முகத்தைக் கோட்டுப்படமாக வரைந்து, கன்னம், தாடை, மோவாய், மேல் உதடு, கழுத்தின் இரு பக்கம் என்று ஒவ்வொரு இடத்திலும் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்தபோதுதான் கழுத்தின் இடது பக்கத்தில் முடி குரல்வளையிலிருந்து காதை நோக்கிக் கிடைமட்டமாக வளர்வது தெரிந்தது. பதினைந்து வருடமாக அந்த இடத்தில் ரேசரை மேலும் கீழுமாக இழுத்திருக்கிறேன். பொரி வந்ததற்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

எதற்காக மாறுகிறீர்கள்?

இதற்கு விடை தெரிந்தால் எந்த ரேசர் என்பது தானாகவே முடிவாகிவிடும்.

ஷேவ் செய்த மறுநாள் பொரி வருகிறது, முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்கிறது என்றால் பிளேடின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். 1971இல் கில்லெட் கம்பெனி இரண்டு பிளேடை அடுத்தடுத்து வைத்த ரேசரைக் கொண்டுவந்தது. 1998இல் அது மூன்றானது, 2006இல் ஐந்து. முதல் பிளேடு முடியைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுக்கும். அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடும் என்பதுதான் இதற்குப் பின்னால் உள்ள கணக்கு. கன்னம் மழமழவென்று ஆவது உண்மைதான். ஆனால் வெட்டிய முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. சுருட்டை முடியாக இருந்தால் அந்த முனை திரும்ப வெளியே வரும் வழியில் தோலையே குத்துகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு ஒற்றை பிளேடு சேஃப்டி ரேசரோ, தோலை ஒட்ட வெட்டாத எலெக்ட்ரிக்கோ ஏற்றது.

காலையில் நேரமே இல்லை, கண்ணாடி பார்க்காமல்கூட முடித்துவிட வேண்டும் என்றால் எலெக்ட்ரிக். கை நடுங்குபவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், சின்ன வெட்டுக்கும் ரத்தம் நிற்காமல் வருபவர்கள் எல்லோருக்கும் எலெக்ட்ரிக்தான். இவர்கள் மற்ற வகைகளைப் பரிசோதித்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முகத்தில் பருக்கள் பழுத்திருக்கும்போதும், தோல் நோய்க்கு மருந்து போடும்போதும் ரேசரை மாற்றாதீர்கள். முதலில் அது ஆறட்டும்.

கார்ட்ரிட்ஜுக்குச் செலவழித்து மாளவில்லை, பிளாஸ்டிக் குப்பை மனதை உறுத்துகிறது என்றால் சேஃப்டி ரேசர். உடல் முழுக்க உலோகம் என்பதால் பல வருடம் உழைக்கும். மாற்ற வேண்டியது பிளேடு மட்டும்தான்.

சரி, கத்தி? அதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் வேண்டாம். ஆசை இருந்தால் போதும். ஆனால் பொறுமையும் காலையில் கூடுதலாக அரைமணி நேரமும் வேண்டும்.

கார்ட்ரிட்ஜிலிருந்து சேஃப்டி ரேசருக்கு

அதிகம் பேர் செய்யும் மாற்றம் இதுதான், அதிகம் பேர் முதல் வாரத்திலேயே கைவிடுவதும் இதைத்தான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சேஃப்டி ரேசர் ஒன்றும் புதுக் கருவி அல்ல. கிங் கேம்ப் கில்லெட், தூக்கிப்போடும் மெல்லிய பிளேடோடு இதை விற்க ஆரம்பித்தது 1903இல். அந்த முதல் வருடத்தில் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும்தான். அந்த அமைப்பு இன்றும் அவ்வளவாக மாறவில்லை. மேலே ஒரு மூடி, கீழே ஒரு தட்டு, நடுவில் 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடு, அதை இறுக்கிப் பிடிக்கும் கைப்பிடி. பிளேடுக்குப் பொது அளவு இருப்பதால் எந்தக் கம்பெனி பிளேடும் எந்தக் கம்பெனி ரேசரிலும் உட்காரும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். கீழ்த்தட்டின் ஓரம் சீப்புப் பல் போல இடைவெளி விட்டிருக்கக் கூடாது. நேராக, மூடிய ஓரமாக இருக்கட்டும். பிளேடு கொஞ்சம்தான் வெளியே தெரிய வேண்டும். இப்படிப்பட்டதை மென்மையான ரேசர் என்பார்கள். மூன்றாவது, கொஞ்சம் கனம். ஏன் என்று பின்னால் வருகிறது. பிளேடு சாய்வாக உட்காரும் ரேசர், எண்ணைத் திருகி இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ரேசர் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பிளேடில் ஒரே வகையில் இரண்டு பாக்கெட் வாங்குங்கள். பலவகை பிளேடு கலந்த பாக்கெட்டை வாங்கி ஒவ்வொரு நாளும் ஒன்றாக மாற்றிப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். அது பிறகு. எரிச்சல் வந்தால் அது பிளேடாலா கையாலா என்று தெரிய வேண்டுமானால், ஒரு மாதமாவது பிளேடு மாறாமல் இருக்க வேண்டும்.

பிளேடு மாட்டுவது சின்ன வேலைதான், ஆனால் அதிலேயே விரலை வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. கைப்பிடியைத் திருகிக் கழற்றுங்கள். மூடியைக் கவிழ்த்து வைத்து, பிளேடின் கூர் இல்லாத இரண்டு குட்டை ஓரங்களை மட்டும் பிடித்து அதன் மேல் வையுங்கள். அதற்கு மேல் தட்டு. அந்தக் குட்டை ஓரங்களையே பிடித்தபடி கைப்பிடியைத் திருகி இறுக்குங்கள். பிறகு இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால் தளர்த்தி மறுபடி மாட்டுங்கள். கைப்பிடியை இறுக்கும்போது பிளேடின் கூர்ப்பக்கம் விரல் போகக் கூடாது.

இப்போது முகம். குளித்து முடித்தவுடன் ஷேவ் செய்வது நல்லது. இல்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். காய்ந்த தாடி முடி முரட்டுத்தனமானது. தண்ணீரை உறிஞ்சினால் உப்பி மென்மையாகிறது, பிளேடு சுலபமாகப் போகும். கார்ட்ரிட்ஜ் நாட்களில் நான் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவேன். அதில் ஓரளவு தப்பிக்கலாம். ஒற்றை பிளேடில் முடியாது.

நுரைக்கு டப்பாவிலிருந்து பீய்ச்சும் ஃபோமைவிட, பிரஷ்ஷால் குழைக்கும் சோப்போ கிரீமோ எவ்வளவோ மேல். பிரஷ்ஷை நனைத்து, ஒருமுறை உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். பிறகு முகத்திலேயே வட்டமாகத் தேய்த்துக் குழையுங்கள். நடுவில் பிரஷ் நுனியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு எடுங்கள். பெரிய பெரிய குமிழ் தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. பசை போல ஒட்டினால் தண்ணீர் போதவில்லை. ஈரப் பளபளப்போடு, குமிழே கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் சரியான பதம். விரலில் எடுத்துத் தேய்த்தால் இரண்டு விரலும் வழுக்க வேண்டும். ஷேவிங்கில் நுரையின் வேலை வழுக்குவதுதான், பார்க்க எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பது முக்கியமில்லை.

அடுத்தது கோணம். கார்ட்ரிட்ஜில் தலை தானாகவே அசைந்து கோணத்தைப் பார்த்துக்கொள்ளும். இங்கே அதை உங்கள் மணிக்கட்டு செய்ய வேண்டும். ரேசரின் மூடியைக் கன்னத்தில் வையுங்கள், கைப்பிடி கன்னத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். இந்த நிலையில் பிளேடு தோலைத் தொடாது, இழுத்தாலும் வெட்டாது. இப்போது மிகச் சின்னச் சின்னதாகக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே கைப்பிடியை மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஓரிடத்தில் பிளேடு முடியைத் தொட்டு வெட்ட ஆரம்பிக்கும். அங்கேயே நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். டிகிரி நினைவில் இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் காது சொல்லிவிடும். சரியான கோணத்தில் மெல்லிசாகச் சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும். ஒவ்வொரு முடியும் அறுபடும் சத்தம் அது. கோணம் தவறினால் சத்தம் நின்றுவிடும். அதனால் முதல் சில வாரம் குழாயை மூடிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு ஷேவ் செய்யுங்கள்.

அப்புறம் அழுத்தம். எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கிறது. முதல் நாள் நான் வலது கன்னத்தை அழகாக முடித்துவிட்டு, தாடை எலும்பின் வளைவில் பழைய பழக்கத்தில் ஒரு அழுத்து அழுத்தி இழுத்தேன். வலியே இல்லை. நுரையில் முதலில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகலமாகிக்கொண்டே போனது. பிளேடு அவ்வளவு கூர்மை; வெட்டியது தோலுக்குத் தெரியவே சில நொடி ஆகிறது. அடுத்த வாரம் முடிவெட்டப் போனபோது அந்தத் தழும்பைப் பார்த்த முடிதிருத்துநர் விசாரித்தார். சொன்னேன். அவர் தன் கத்தியை இரண்டு விரலில் தொங்கவிட்டுக் காட்டினார். "தம்பி, இது தானா இறங்கும். நீங்க வழி மட்டும் காட்டுனா போதும்." ரேசரில் கனம் வேண்டும் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். அந்தக் கனமே போதுமான அழுத்தம். கைப்பிடியை நுனிக்குப் பக்கத்தில், கட்டைவிரலாலும் இரண்டு மூன்று விரல்களாலும் லேசாகப் பிடியுங்கள். முழு உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தால் கை தன்னையறியாமல் அழுத்திவிடும்.

இனி வரிசை. முதல் மூன்று நாள் இரண்டு கன்னத்தை மட்டும் சேஃப்டி ரேசரில் செய்யுங்கள். மீதியைப் பழைய கார்ட்ரிட்ஜில் முடித்துவிடுங்கள். கன்னம் தட்டையானது, மன்னிக்கும். நான்காம் நாள் கழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் தாடை வளைவும் மோவாயும் மேல் உதடும். இழுப்பு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். இடது கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். தாடை எலும்பின் கீழே உள்ள தோலை மேலே கன்னத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டு அங்கே மழிக்கலாம். குரல்வளை மேட்டுக்கு ஒருமுறை எச்சில் விழுங்கிப் பாருங்கள், அது மேலே ஏறும்போது பக்கத்துத் தோல் தட்டையாகும். அல்லது தோலை ஒரு பக்கமாக நகர்த்தி மேட்டிலிருந்து விலக்கி மழியுங்கள். மேல் உதட்டைப் பல்லோடு ஒட்டிக் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளுங்கள். பிளேடைத் தோலில் வைத்துக்கொண்டு ஒருபோதும் பக்கவாட்டில் நகர்த்தாதீர்கள். அது மழிப்பது அல்ல, அறுப்பது.

முதல் இரண்டு வாரம் முடி வளரும் திசையில் ஒரே ஒரு சுற்று போதும். முகம் அவ்வளவு வழவழப்பாக இருக்காது, பரவாயில்லை. மூன்றாம் வாரம் மறுபடி நுரை பூசி முடிப்போக்குக்குக் குறுக்காக இரண்டாம் சுற்று. எதிர்த்திசைச் சுற்று ஒரு மாதத்துக்குப் பிறகு, தோல் அமைதியாக இருந்தால் மட்டும். என் கழுத்தின் இடது பக்கத்தில் நான் இன்றுவரை எதிர்த்திசையில் போவதில்லை. நுரை இல்லாத இடத்தில் ரேசர் வைக்கவே கூடாது, "இந்த ஒரு முடிதானே" என்று தோன்றினாலும்.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். படிகாரக் கட்டியை நனைத்து முகம் முழுக்க ஒருமுறை தடவுங்கள். சின்ன வெட்டில் ரத்தம் நிற்கும். அதைவிட முக்கியம், எங்கே அதிகம் எரிகிறதோ அங்கே நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். முதல் மாதம் அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஒரு நிமிடம் விட்டு அலம்பிவிட்டு, மணமும் ஆல்கஹாலும் இல்லாத கிரீம் ஏதாவது போடுங்கள்.

பிளேடை எப்போது மாற்றுவது? எனக்கு ஐந்து ஷேவ் வரும். முரட்டுத் தாடிக்கு மூன்றிலேயே போய்விடும். முடியை இழுப்பது போல உணர்ந்தால் அந்த நாளே மாற்றுங்கள். முடி எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. அது எப்படிப் பிளேடை மழுங்கடிக்கிறது என்று 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தே பார்த்தார்கள். முடி வளைந்து, பிளேடின் ஓரத்தில் எஃகு சீராக இல்லாத ஒரு புள்ளியில் பட்டால், அங்கிருந்து நுண்ணிய சில்லு பெயர்ந்துபோகிறது. அந்தச் சில்லு போன இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று பெயரும். மழுங்கிய பிளேடில் கை தானாக அழுத்தத் தொடங்கிவிடும் என்பதால் பழைய பிளேடுதான் புதியதைவிட ஆபத்து. பழையவற்றைக் குப்பைத் தொட்டியில் அப்படியே போடாதீர்கள், குப்பை அள்ளுபவர் கையைக் கிழிக்கும். ஒரு தகர டப்பாவின் மூடியில் சின்னக் கீறல் போட்டு, மூடியை ஒட்டிவிட்டு அதற்குள் சேர்த்து வையுங்கள். பல வருடத்துக்கு வரும்.

எலெக்ட்ரிக்குக்கு மாறும்போது

எலெக்ட்ரிக் ஷேவர் வாங்கி ஒரு வாரத்தில் அலமாரியில் போட்டவர்களை எனக்குத் தெரியும். நானே அப்படிச் செய்யப் பார்த்தேன். முதல் வாரம் கழுத்து முழுக்கச் சிவந்தது, முகமும் முழுதாக மழிக்கப்படவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பிளேடு தோலை நேராகத் தொடுகிறது. எலெக்ட்ரிக்கில் ஒரு மெல்லிய உலோகத் தகட்டின் துளைக்குள் முடி நுழைந்தால்தான் உள்ளே ஓடும் வெட்டி அதை வெட்டும். தோல் அந்தத் தகட்டின் உரசலுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் வேறு ரேசரைத் தொடாமல் தினமும் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு நாள் எலெக்ட்ரிக், ஒரு நாள் பிளேடு என்று கலந்தால் தோல் எதற்கும் பழகாது.

இதில் இரண்டு குடும்பம். தகடு வைத்த நேர்வகை ஒன்று. 1931இல் ஜேக்கப் ஷிக் விற்கத் தொடங்கிய எலெக்ட்ரிக் ரேசரிலிருந்தே வெட்டிகள் இப்படிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. இன்னொன்று சுழலும் வட்டத் தலைகள். 1939இல் பிலிப்ஸ் கொண்டுவந்தது. நேர்வகையை நேர்க்கோட்டில், முடிப்போக்குக்கு எதிராக நகர்த்த வேண்டும். வட்டவகையைச் சின்னச் சின்ன வட்டமாக. தினமும் ஷேவ் செய்பவர்களுக்கு நேர்வகை நன்றாக ஒத்துவரும். கழுத்தில் முடி பல திசையில் வளர்பவர்களுக்கு வட்டவகை. சேஃப்டி ரேசரில் எதிர்த்திசை கூடாது என்று பழகியவர் கையை இங்கே திருப்பிக்கொள்ள வேண்டும்.

முகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அல்லது நன்றாக நனைந்து நுரையோடு இருக்க வேண்டும் (உங்கள் ஷேவர் ஈரத்துக்கு ஏற்றதாக இருந்தால்). நடுவில் கிடக்கும் வியர்வைப் பிசுபிசுப்புதான் மோசம். தகடு தோலில் ஒட்டி ஒட்டிப் போகும். அதனால் குளிப்பதற்கு முன் செய்துவிடுவது நல்லது. மூன்று நாள் தாடியை இது விழுங்காது. முதலில் டிரிம்மரால் குறைத்துவிட்டு அப்புறம் ஷேவர். இங்கேயும் அழுத்தினால் நெருக்கமாக வரும் என்று தோன்றும், ஆனால் அழுத்தம் தகட்டைச் சூடாக்கும், தோலைத் துளைக்குள் தள்ளும். கழுத்துத் தோலை இடது கையால் இழுத்துப் பிடித்தால் போதும். வாரம் ஒருமுறை தலையைத் திறந்து முடித்தூளைத் தட்டிக் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வருடம் ஒன்று ஒன்றரை ஆனால் தகடும் வெட்டியும் மாற்ற வேண்டும். பலர் இதைச் செய்யாமல் ஷேவர் கெட்டுவிட்டது என்கிறார்கள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பிளேடு தரும் மழமழப்பு எலெக்ட்ரிக்கில் வராது. சாயங்காலம் விரலுக்குத் தட்டுப்படும். அதே காரணத்தால்தான் உள்ளே வளரும் முடிப் பிரச்சினை இதில் குறைவு.

மடக்குக் கத்தியும் பிளேடு போடும் கத்தியும்

கத்திக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது, சேஃப்டி ரேசர் பிளேடை ஒடித்து அதில் பாதியை மாட்டிப் பயன்படுத்தும் கத்தியைத்தான். சாணை வேண்டாம், தீட்டும் தோல் வார் வேண்டாம், சுலபம் என்று தோன்றும். பராமரிப்பு சுலபம்தான், ஷேவ் சுலபமல்ல. அது லேசானது, ஒடித்த பிளேடின் முனை கூராக, மன்னிக்காமல் இருக்கும். அசல் கத்தியில் எஃகு கனமாக, முதுகு தடிமனாக இருப்பதால் தோலில் அமைதியாக உட்காரும். சேஃப்டி ரேசரில் ஆறு மாதமாவது பழகாமல் இரண்டையும் தொடாதீர்கள்.

பிடிப்பது: கத்தியின் கழுத்துப் பகுதியின் (கூர் முடிந்து பிடியோடு சேரும் இடம்) மேல் மூன்று விரல், அதன் கடைசியில் நீளும் வாலில் சுண்டுவிரல், கீழே கட்டைவிரல். கத்தியின் முதுகைத் தோலில் படுக்கவைத்து, முதுகின் தடிமன் அளவுக்கு இரண்டு மடங்கு தூக்குங்கள். அதுதான் ஆரம்பக் கோணம். முதல் வாரம் காதோரத்திலிருந்து கன்னத்தின் நடுவரை மட்டும், வலது கன்னத்துக்கு வலது கை. இடது கன்னத்தை இடது கையால் செய்யப் பழகுபவர்கள் உண்டு; எனக்கு அது இரண்டு மாதம் எடுத்தது. மேல் உதடும் மோவாயும் கடைசி.

ஒவ்வொரு ஷேவுக்கும் முன் கத்தியைத் தோல் வாரில் நாற்பது ஐம்பது முறை தீட்ட வேண்டும். வாரை இறுக்கமாகப் பிடித்து, கத்தியைத் தட்டையாகப் படுக்கவைத்து, முதுகு முன்னே போக, கூர் பின்னே வர இழுங்கள். கடைசியில் திருப்பும்போது கூர்ப்பக்கத்தைத் தூக்கி, முதுகின் மேலேயே புரட்டுங்கள். இதை மாற்றிச் செய்தால் வார் வெட்டுப்படும், கத்தியும் போகும். ஆரம்பத்தில் வேகம் வேண்டவே வேண்டாம். சில மாதத்துக்கு ஒருமுறை சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். முதல் முறை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். புதிதாக வாங்கும்போதும் ஷேவுக்குத் தயாராகத் தீட்டியதா என்று கேட்டு வாங்குங்கள். தீட்டாத கத்தியில் தொடங்கி, தனக்குக் கை வரவில்லை என்று விட்டுவிட்டவர்கள் நிறைய. ஷேவ் முடிந்ததும் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் மடக்க வேண்டும், இல்லையென்றால் துருப்பிடிக்கும்.

கார்ட்ரிட்ஜுக்குத் திரும்பும்போது

திரும்புவதில் ஒரு குறையும் இல்லை. விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டியில் தனி பிளேடை அனுமதிக்க மாட்டார்கள், கார்ட்ரிட்ஜ் பொதுவாகப் போகும். அதற்காகவே நான் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் சேஃப்டி ரேசரில் கற்றதை அதற்கும் கொண்டுவாருங்கள்: தண்ணீரில் ஊறிய தாடி, வழுக்கும் நுரை, எடையே இல்லாத கை, முடிப்போக்கில் ஒரே சுற்று. கார்ட்ரிட்ஜ் லேசாக இருப்பதால் கொஞ்சம் தொடுதல் தேவை, அழுத்தம் தேவையில்லை. பிளேடுகளுக்கு நடுவே நுரை அடைத்துக்கொள்ளும், இரண்டு இழுப்புக்கு ஒருமுறை அலசுங்கள். போன மாதம் நான்கு நாள் பயணத்தில் கார்ட்ரிட்ஜில்தான் ஷேவ் செய்தேன், ஒரு பொரிகூட வரவில்லை. கழுத்தின் இடது பக்கம் வந்தபோது மட்டும் ரேசரைக் கிடைமட்டமாகத் திருப்பி, குரல்வளையிலிருந்து காதை நோக்கி இழுத்தேன்.